சீர்க் கட்டில்

ஜூன் 5

கல்யாணமாகி இரண்டு வாரம் ஆகப் போகிறது. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. கம்பெனியில் இதைச் சொன்னால் பேக்கிங் பிரிவு கலாவதி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் நினைக்கிற காரணம் வேறு, நடப்பது வேறு. விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, கேட்டுப் புரிந்துகொள்ள அவளுக்கு மண்டையும் இல்லை.

நடப்பது இதுதான். என் கணவன் பூபதி குறட்டை விடுகிறான். அதைக் குறட்டை என்று எழுதினால் ஊரில் மற்றவர்கள் விடும் குறட்டைக்கு அவமானம். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. பகலெல்லாம் தகடு தட்டுகிறான். ராத்திரியில் அதே வேலையை மூக்கால் செய்கிறான். நடுவில் ஒரு முறை சத்தம் நின்றுபோகும். அப்பாடா என்று நான் கண்ணை மூடினால், அடுத்த வண்டி ஸ்டார்ட் ஆகும். அதோடு அவன் கால் வந்து என்மேல் விழும். முடி குத்துகிற, வேர்வை வழிகிற, மரக்கட்டை மாதிரியான கால்.

கட்டில் எங்கள் அப்பா கொடுத்த சீர். ஆறடிக்கு ஆறடி, தேக்கு, தலைமாட்டில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மயில்கள். பரமத்தி வேலூரில் ஆசாரி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து செய்து வாங்கினார். மெத்தையும் புதியது. அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்பது என் மாமியாரின் உத்தரவு. சீர் வந்த பொருள் புதுசாகவே இருக்க வேண்டுமாம். அவன் ஒரு முறை புரண்டால் மிக்சர் பொட்டலத்தைக் கசக்கிய மாதிரி சத்தம் வருகிறது. ஒரு முறையோடு நிறுத்துகிற ஆளா அவன்?

நேரில் 'ஏனுங்க, வாங்க, போங்க' எல்லாம் உண்டு. இந்த டைரியில் அவன் அவன்தான். இங்கேயாவது எனக்கு வாய் இருக்கட்டும்.

ஜூன் 9

கரூரில் துண்டும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் நான் தரம் பார்ப்பவள். மற்றவர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, 'இது ஆகாது' என்று தள்ளிவிடுவேன். மேனேஜர் வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் என்னை வித்தை காட்டச் சொல்வார். இந்தத் தோலை வைத்துச் சம்பளம் வாங்கலாம், புருஷன் பக்கத்தில்தான் படுக்க முடியாது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கழுத்து லேபிளை வெட்டாமல் எந்த உடுப்பையும் போட்டதில்லை. பட்டுச் சேலைச் சரிகை அறுக்கும், பாவாடை நாடா அறுக்கும், இப்போது புது மஞ்சள் கயிறு அறுக்கிறது. பக்கத்து இலையில் யாராவது அப்பளம் கடித்தால் எனக்குப் பல் கூசும். அம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் ராங்கி. 'கட்டிக் குடுத்தா சரியாப் போயிரும்' என்பது அவள் கண்டுபிடித்த வைத்தியம். பல்வலிக்கும் இவர்கள் கல்யாணம்தான் செய்துவைப்பார்கள்.

மெதுவாகத் தொட்டால்தான் எனக்கு ஆகவே ஆகாது. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், எழுந்து ஓடத் தோன்றும். அழுத்திப் பிடித்தால் ஒன்றுமில்லை. பூபதிக்கோ தான் பூப்போல நடந்துகொள்வதாக நினைப்பு. நுனி விரலால் தோளைத் தொடுவான். நான் துள்ளி எழுவேன். "என்னாச்சு?" என்பான். "தள்ளிப் படுங்க" என்பேன். முகம் தொங்கிப்போகும். இவனை உட்காரவைத்துப் பாடம் நடத்த நான் என்ன டீச்சரா? தானாகப் புரிய வேண்டாமா?

ஜூன் 15

நாலைந்து நாளாகக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். குறட்டை மேலேயே போயிற்று, கொஞ்சம் கண் அசந்தேன். முதல் நாள் காலையில் அத்தை அறை வாசலில் நின்று பாயைப் பார்த்தார். நேராகப் போய் பூஜையறைக் கதவைச் சாத்தினார். சமையலறைக்குள் வர வேண்டாம் என்று காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வீட்டுக்குத் தூரம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். வேலை மிச்சம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, இன்னுமா தலைக்கு ஊத்தல?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க அத்தை."

"அப்பறம் எதுக்குக் கீழ படுத்திருக்கற? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க."

"தூரமும் இல்ல, சண்டையும் இல்ல. பின்ன எதுக்குத் தனித்தனியாப் படுக்கோணும்?"

தனியாகப் படுக்க இந்த வீட்டில் இரண்டே காரணங்கள்தான் செல்லும். தூக்கம் அதில் சேர்த்தியில்லை. சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டு மல்லிகா அக்கா வந்துவிட்டாள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த புண்ணியவதி அவள்தான். "என்னமோ பாய் கீழ கெடக்குதாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் கொஞ்சம் புளி கடன் வாங்கிக்கொண்டு போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 18

காதில் பஞ்சு வைத்துப் படுத்தேன். காது வலிதான் மிச்சம்.

ஜூன் 22

அத்தை வழி உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பூபதி, ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டான். தலை தொங்கி, மூக்கு நுனி இலையைத் தொடப் பார்த்தது. பரிமாறிய ஆள் "மாப்ளை, மோர் வேணுமா, தலகாணி வேணுமா?" என்று கேட்க, பந்தி முழுக்கச் சிரிப்பு. என் மானம் போயிற்று.

ராத்திரி முழுக்கத் தூங்குகிறவன் பகலிலும் தூங்குகிறான் என்றால் அது என்ன ஜென்மம்? கும்பகர்ணனுக்குக்கூட விழித்திருக்கும் காலம் என்று ஒன்று உண்டு. கண் வேறு எப்போதும் சிவந்தே இருக்கிறது. குடிப்பானோ என்று மோந்து பார்த்தேன். பெயின்ட் வாசனைதான் வந்தது.

ஜூன் 26

நேற்று அறையைக் கூட்டும்போது கால்மாட்டில், அவன் பக்கத்துக் கட்டில் காலில், ஒரு துண்டு கட்டியிருந்தது. எங்கள் கம்பெனித் துண்டு. ஓரத் தையல் சரியில்லை என்று நானே கழித்து, பிறகு பாதி விலைக்கு வீட்டுக்கு வாங்கி வந்தது. அவிழ்த்துக் கொடியில் போட்டேன். இன்று காலையும் அதே இடத்தில் அதே துண்டு, அதே முடிச்சு.

"துண்டு காயப்போட ஊட்டுல கொடி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"மறந்துட்டேன்" என்கிறான். துண்டைக் காயப்போடும் இடம்கூடத் தெரியாதவனை நம்பி ஒரு கம்பெனி பஸ் கட்டச் சொல்கிறது. அதில் ஜனங்கள் ஏறி ஊருக்குப் போகிறார்கள்.

இந்த வாரம் அவன் கால் என்மேல் விழவில்லை. அந்தக் காலுக்காவது புத்தி வந்ததே.

ஜூலை 2

இன்று வீடு ரணகளம். படுக்கை விரிப்பை உதறும்போது அத்தையின் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கிடைத்தது. நசுங்கி, காய்ந்து, நூல் சுற்றியிருந்தது. படுக்கையில் நூல் சுற்றிய எலுமிச்சம்பழம் கிடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஆரு வெச்சது இது?" என்றார். கேள்வி எல்லாருக்கும், பார்வை எனக்கு.

"எனக்குத் தெரியாதுங்க அத்தை."

"மகன் எளச்சுக்கிட்டே போறான். திங்கற சோத்துல தூங்கி விழறான். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

செய்வினை வைக்கிற அளவுக்கு இவன் என்ன பெரிய ஜமீனா? அப்படி வைப்பதானால் முதலில் அந்த மூக்குக்குத்தான் வைத்திருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் குளித்துவிட்டு வந்த பூபதி, "நான்தாம்மா வெச்சேன், கொசுவுக்கு" என்றான்.

"கொசுவுக்கு எலுமிச்சம்பழமா?"

"பட்டறையில சொன்னாங்க."

அத்தை நம்பவில்லை. பழத்தை முறத்தில் வைத்து முச்சந்தியில் போட்டுவிட்டு வந்து, எனக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றினார். கொசுவுக்குப் பழம் வைக்கிறவனுக்குத் திருஷ்டி எங்கிருந்து வரும்?

ஜூலை 9

டிவி பைத்தியம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நான் படுத்த பிறகும் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அதுவும் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு. ஊமைப்படம் பார்ப்பதில் என்ன சுகமோ. நான் தூங்கிப்போகிறேன், நடுராத்திரியில் குறட்டை எழுப்பும் வரைக்கும் எப்போது வந்து படுக்கிறான் என்றே தெரிவதில்லை.

குப்பைக்கூடையில் தினமும் ஒரு துண்டுப் பிளாஸ்டர் கிடக்கிறது. கையில் எங்கே காயம் என்று பார்த்தால் எதுவும் தெரியவில்லை. தெரியட்டும் என்றுதானோ என்னவோ, நேற்று நிஜமாகவே கட்டைவிரலில் டிரில்லிங் மெஷினை இறக்கிக்கொண்டு வந்தான். நல்லவேளை, நகத்தோடு போயிற்று. "கண்ணு சொருகிருச்சு" என்கிறான். வேலை நேரத்தில் கண் சொருகுகிறதாம். சோறு பிசைய முடியவில்லை என்று அத்தை ஊட்டிவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தேன்.

ராத்திரி கட்டு நனைந்திருந்ததால் மாற்றிவிட்டேன். அது மனிதாபிமானம், வேறொன்றும் இல்லை.

ஜூலை 16

நாளை ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கத்தை ஏற்படுத்திய மகராசன் யாரோ, அவன் காலில் விழுந்து கும்பிடலாம். கூட வேலை பார்க்கும் பெண்களெல்லாம் ஆடி வந்தால் மூக்கைச் சிந்துவார்கள். நான் இரண்டு பை கட்டிவிட்டேன். ஆடி மாதத்துக்கு ஒரு பை போதும். இரண்டாவது பையில் என் சர்டிபிகேட்டும் நகைப் பெட்டியும் இருக்கின்றன.

இங்கே எழுதிவிடுகிறேன். ஆவணி பிறந்தால் திரும்பி வருவதாக எனக்கு உத்தேசமில்லை. அடிக்கிறானா, குடிக்கிறானா என்று எல்லாரும் கேட்பார்கள். இல்லை, மூச்சு விடுகிறான். இதைச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும். ஆயுசு முழுக்கத் தூங்காமல் இருக்க என்னால் முடியாது.

ஜூலை 17

பரமத்தி வேலூரில் அம்மா வீட்டில் தலை ஆடி விருந்து. பூபதி மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்து, சோபாவில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கினான். அப்பா டிவியை அணைத்துவிட்டு நுனிக்காலில் நடந்தார். மாப்பிள்ளை தூக்கத்துக்கு இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை. கிளம்பும்போது, "நல்லாத் தூங்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். குத்திக் காட்டுகிறானாம்.

ஜூலை 18

தூங்கினேன். ஆகா!

ஜூலை 27

வேலூரிலிருந்து கரூருக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். அப்படியும் அலுப்பில்லை. என் அறையில், என் பழைய பருத்தி மெத்தையில், என்னைத் தவிர யாரும் மூச்சு விடாத இடத்தில் தூங்குகிறேன். அவன் ஞாபகம் வந்து ஏங்கிப்போனேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். வரவில்லை.

அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"இருந்து?"

"வேலைக்குப் போயிக்கறேன்."

"மாப்ளை ஏதாச்சும் சொன்னாரா?"

"அவரு என்ன சொல்லப் போறாரு. எனக்கு அங்க தூக்கம் வரல."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தூக்கம் வரலன்னா ஆராவது வாழ்க்கைய உடுவாங்களா? ராங்கி, ராங்கி! இதைப் போயி வெளிய சொல்லிப்போடாத, வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க." எழுந்து போய் மிக்ஸியைப் போட்டாள். இந்த வீட்டு மிக்ஸிச் சத்தம் காதில் ஆணி அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. விருந்துக்கு அவனை அழைத்திருந்தார்கள். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. ஆற்றங்கரையில் கூட்டத்தில் அவன் வந்து நின்றபோது எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. நடையில்கூட ஒரு துள்ளல். பந்தியில் தூங்கி விழுந்த அந்தச் சோம்பேறி இவன்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரியம்மா விடுவாளா? "பொண்டாட்டி இந்தப் பக்கம் வந்ததும் மாப்ளை தெளிஞ்சுட்டாரு பாரு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

நான்தான் அவனால் வாடிப்போனவள். நான்தான் தெளிய வேண்டியவள். இவனுக்கு என்னால் என்ன கஷ்டம்? ராத்திரியும் பகலும் தூங்கினவன், இப்போது நான் இல்லாத வீட்டில் என்ன புதிதாகத் தூங்கிவிட்டான்? கணக்கு உதைக்கிறது. முளைப்பாரியை ஆற்றில் விடும்போது என் கையில் அவன் கை பட்டது. வெடுக்கென்று அவனே எடுத்துக்கொண்டான். நான் எதுவும் சொல்வதற்குள்.

ஆகஸ்ட் 13

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டில் கட்டில் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மல்லிகா அக்காவிடமிருந்து அம்மாவுக்கு போன் வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அக்கா, உங்கூட்டுக் கட்டிலு குட்டியானை வண்டியில ஏறிப் போச்சுங்க! மெத்தையும் போச்சு! உங்க மாப்ளைதான் கூட ஒக்காந்து போறாரு! உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுச் சீர்க் கட்டில் மாப்பிள்ளை வீட்டை விட்டு வெளியே போவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். பெண் வேண்டாம் என்று சொல்ல ஆள் அனுப்ப மாட்டார்கள். கட்டிலையும் பீரோவையும் வண்டியேற்றித் தாய்வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அதுவும் ஆடியில், பெண் தாய்வீட்டில் இருக்கும்போது. இதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அவனுக்கு போன் போட்டோம். எடுக்கவில்லை. அத்தை ஆடி மாதக் கூட்டத்தோடு வேனில் சமயபுரம் போயிருக்கிறார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் பழக்கம். அப்பா எழுந்து கூடத்திலிருந்த சோபாவை இழுத்துக் கொல்லைப் பக்கம் போட்டார், டீப்பாயை எடுத்தார். கட்டில் வந்தால் வைக்க இடம் வேண்டுமே. பிறகு காலியான கூடத்தில் தரையில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அம்மா மாரில் கை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொன்னியே, இங்கயே இருந்துக்கறேன்னு. அவருகிட்டயும் சொல்லிப்புட்டியா?" என்றாள்.

சொல்லவில்லை. ஆனால் என் இரண்டாவது பையை அவன் பார்த்திருக்கலாம்.

நான் கேட்டது இதைத்தானே? கூப்பிடாமலே வந்த வரம். துள்ளிக் குதிக்க வேண்டியவள், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கோபம், வேறென்ன. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான். மூக்கால் தகடு தட்டுகிறவன், துண்டு காயப்போடத் தெரியாதவன், கொசுவுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவன் என்னை எப்படி வேண்டாம் என்று சொல்லலாம்? என்னைத் தொட்டு, நான் துள்ளி, துள்ளி, அவனுக்கு அலுத்துவிட்டதா? எனக்கு நெஞ்சு வலித்தது. அழுத்திப் பிடிக்க யாராவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கட்டில் வரவில்லை. பைக்கில் பூபதி வந்தான். தலை, புருவம், காது எல்லாம் மரத்தூள். கையில் மிக்சர் பொட்டலம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"ஏனுங்க மாமா, சோபாவெல்லாம் எங்கீங்க? வெள்ளை அடிக்கிறீங்களா?"

அம்மாதான் கேட்டாள். "கட்டிலு எங்கீங்க மாப்ளை?"

"பட்டறையில கெடக்குதுங்க. இன்னைக்கு லீவு, மெஷினெல்லாம் சும்மா இருந்துச்சு. ரெண்டா அறுத்துட்டேனுங்க."

"அறுத்துட்டீங்களா!"

"தாரணிக்குத் தூக்கம் புடிக்கமாட்டேங்குதுங்க. ஆளுக்கொன்னா வாங்கலாம்னு பாத்தேன். ஆடியில புதுக் கட்டிலு வாங்கப்படாதுன்னு அம்மா சொல்லிப்போடுச்சு. சரி, இருக்கறதையே ரெண்டாப் பண்ணிப்புட்டா அது புதுசு இல்லீல்ல?" அப்பாவின் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "மயிலுக்கு ஒன்னும் ஆகலீங்க மாமா. ஆளுக்கொன்னு."

அப்பா எழுந்து அவன் தலையிலிருந்த மரத்தூளைத் துண்டால் தட்டிவிட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே இருந்தார். நான் போய்த் தோசை ஊற்றினேன். இத்தனை பேரை அழவைத்துவிட்டு ஏழு தோசை தின்றான், தடிமாடு.

ஆகஸ்ட் 14

மதிய இடைவேளையில் பட்டறைக்குப் போனேன். கட்டில் என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்கத்தான். அது என் அப்பா வீட்டுச் சொத்து.

பாதி கட்டிய பஸ்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில்கள் நின்றன. அறுத்த பக்கத்துக்குப் புதிதாகக் கால் வைத்து, இழைத்து, மெழுகு போட்டிருந்தான். மெத்தையையும் இரண்டாக அறுத்தாயிற்று. அறுக்க வேண்டுமானால் உறையைக் கிழித்தாக வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் சனியன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அந்த ஒன்றுக்காகவே இவனை மன்னிக்கலாம்.

அவனோடு வேலை செய்யும் பெயின்டர் தங்கவேல் அண்ணன் பிரஷ்ஷோடு வந்தார். "அம்மிணி, நல்லவேளை இந்த ரோசனை வந்துச்சு. ஸ்லீப்பர் பஸ்ஸுல பெர்த் மாட்ட உள்ள போனா, மாட்டுன பெர்த்துலயே படுத்துத் தூங்கிருவான். கேட்டா, நீங்க நல்லாத் தூங்குனப்பறம்தான் இவன் போயிப் படுப்பானாமா. அதுவரைக்கும் டிவி முன்னால முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பானாமா."

"அண்ணே, போதும் விடுங்க" என்றான் பூபதி.

"எலுமிச்சம்பழ வைத்தியம் சொன்னது நான்தானுங்க. ராத்திரி பஸ் டிரைவருங்க பண்றது. பனியன் முதுகுல ஒரு பழத்த முடிஞ்சுக்கிட்டா மல்லாக்கப் படுக்க முடியாது, உறுத்தும். கொறட்டை வராது."

"உங்கம்மா என்னையச் செய்வினைக்காரின்னு நெனச்சாங்க" என்றேன் பூபதியிடம்.

"அதான் கொசுவுக்குன்னு சொன்னேனே."

குப்பைக்கூடைப் பிளாஸ்டர் குறட்டை விடுகிற வாயை ஒட்டத்தான் என்று இப்போது புரிந்தது, நான் அவனைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு முட்டாள்தனத்தை எனக்காக ஒருவன் செய்வான் என்று நான் நினைத்ததில்லை. எழுதிவிட்டேன், இதற்குமேல் இழுக்க வேண்டாம்.

தங்கவேல் அண்ணன் நகர்ந்த பிறகு சொன்னேன். "மெதுவாத் தொடாதீங்க. எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். தொட்டா அழுத்தித் தொடுங்க."

அவன் கையைத் துணியில் துடைத்தான். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீங்களா?"

"தள்ளிப் படுங்கன்ன. தள்ளிப் படுத்தேன்."

பிறகு கட்டிலை எனக்குக் காட்டினான், பஸ் வாங்க வந்த முதலாளிக்குக் காட்டுகிற மாதிரி. இரண்டு கட்டிலையும் சேர்த்து மாட்ட ஒரு கொக்கி வைத்திருக்கிறான். பஸ்ஸின் டிக்கிக் கதவுக்குப் போடுகிற கொக்கி. "பகல்ல மாட்டிப்புட்டா ஒரே கட்டிலு. கழட்டிட்டா ரெண்டு. கொக்கி உன்ற பக்கந்தான்."

"உங்க பக்கம் இல்லீங்களா?"

"எனக்கெதுக்கு?" என்றான். ஒரு பக்கம் மட்டும் கொக்கி வைக்கிற தொழில்காரனை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்தது. இரண்டு பையோடும் திரும்பி வந்தேன். சர்டிபிகேட்டை பீரோவில் வைத்தேன்.

கட்டில் மெழுகு போடப் பட்டறைக்குப் போனதாகத்தான் அத்தையிடம் பூபதி சொல்லியிருந்தான். கொக்கியை மாட்டி, அகலமான விரிப்பைப் போட்டு மூடியிருந்தோம். அத்தையை ஏமாற்ற முடியுமா? விரிப்பைத் தூக்கினார், சந்துக்குள் கையை விட்டார், ஒரு மயிலைத் தொட்டார், இன்னொரு மயிலைத் தொட்டார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.

"இதை அறுக்க எத்தனை நேரமாச்சு?" என்று மகனைக் கேட்டார்.

"அரை நாள்தாம்மா."

"உங்கப்பனும் பட்டறைக்காரந்தான்" என்றார் அத்தை. "அந்த மனுசனுக்கு ஒரு நாளும் இது தோணுல." விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டார். மனப்பாடம் செய்ததெல்லாம் வீண்.

ஆகஸ்ட் 20

ஞாயிறு. நேற்று கொக்கியைக் கழற்றி, என் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டுப் படுத்தேன். குறட்டை வந்தது. ஒரு முழம் தள்ளிப் போட்டால் பஸ் ஓடாமல் நின்றுவிடுமா? ஆனால் மெத்தை சத்தம் போடவில்லை, மூச்சு கழுத்தில் படவில்லை. பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

விடிந்து எழுந்தபோது அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்துகொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. போர்வை விலகியிருந்தது. வலது கணுக்காலில் துண்டைச் சுற்றி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தான். நான் கழித்துப் போட்ட அதே துண்டு. கணுக்காலைச் சுற்றித் தோல் தடித்து ஒரு வளையம் விழுந்திருக்கிறது. அது நேற்று விழுந்தது இல்லை. கட்டில் தனியான பிறகும் எதற்குக் கட்டினான்? பழக்கம்தான். மடையன்.

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கணுக்காலை உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் எழுந்திருக்கவில்லை.

துண்டைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். துண்டு காயப்போட வேண்டிய இடம் அதுதான்.